தென் இத்தாலியச் சிவப்பு ஒயினை எடைபோடுவது எப்படி?

புதுச்சேரி நகருக்குத் தெற்கே சுமார் நான்கு கிலோமீட்டர் தொலைவில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு நடத்தினார். பிறகு 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையிலான குழு மீண்டும் தோண்டியது. இரண்டு முறையும் கிடைத்த பொருள்களில் முக்கியமானவை ஆம்போரா எனப்படும் நெடுஞ்சாடிகளின் உடைசல்கள். மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து ஒயினும் ஆலிவ் எண்ணெயும் மீன் சாறும் இந்தச் சாடிகளில்தான் கப்பலேறின. அரிக்கமேட்டு ஒயின் சாடிகளில் ஒரு பகுதி, தென் இத்தாலியின் நேப்பிள்ஸ் வளைகுடாவை ஒட்டிய கம்பானியா பகுதியிலிருந்து வந்தது.

அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? எழுத்தோ முத்திரையோ வேண்டியதில்லை. உடைந்த ஓட்டின் விளிம்பை உருப்பெருக்கியில் பார்த்தால், களிமண்ணுக்குள் கன்னங்கரிய மணிகள் பொதிந்திருப்பது தெரியும். வெசுவியஸ் எரிமலை கக்கிய பாறை தூளாகி, அந்தக் கடற்கரை மணலில் கலந்து, குயவரின் களிமண்ணுக்குள் போய்ச் சேர்ந்தது. கைப்பிடியும் ஒரு தடயம்: இரண்டு மண்ணுருளைகளைப் பக்கத்தில் பக்கமாக ஒட்டி வளைத்தது போலிருக்கும். கிரேக்கத் தீவான கோஸ் இந்த வடிவத்துக்குப் பெயர்பெற்றது. கோஸ் தீவின் ஒயினில் கடல்நீர் கலப்பார்கள்; அதற்கு நல்ல விற்பனை இருந்தது. இத்தாலியர் அந்தச் சாடியைப் பார்த்து அதே போலச் செய்தார்கள். அதனால் வடிவத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். மண்ணைச் சோதித்தால்தான் ஊர் தெரியும். இந்தியாவில் ரோமானிய ஆம்போரா என்று முன்பு எண்ணப்பட்ட சில ஓடுகள், உண்மையில் மெசபடோமியச் சாடிகளின் ஓடுகள் என்று ராபர்ட்டா டோம்பர் போன்ற ஆய்வாளர்கள் பின்னர் காட்டியதும் இந்தச் சோதனையால்தான்.

சாடிக்குப் பொருந்தும் இந்த நியாயம் சாடிக்குள் இருந்த சரக்குக்கும் பொருந்தும். புதுச்சேரிக் கடையில் இன்று ஒரு தென் இத்தாலியச் சிவப்பு ஒயின் வாங்குகிறவருக்கு முன்னால் நிற்பது பெயர், படம், விலை ஆகியவைதான். உள்ளே இருப்பது காசுக்குத் தகுமா என்று சொல்ல இவை எதுவும் போதாது. கண்ணும் மூக்கும் வாயும் அதைச் சொல்லும். அவற்றை ஒழுங்காகக் கேட்கத் தெரிந்தால் போதும்; பரம்பரைப் பழக்கமோ பெரிய பணமோ தேவையில்லை.

பழைய வழி, புதிய விலை

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய எரித்திரியக் கடல் பெரிப்ளுஸ் என்ற வழிகாட்டி நூல், பொதுகே என்ற கிழக்குக் கடற்கரைத் துறைமுகத்தைக் குறிப்பிடுகிறது. அது அரிக்கமேடுதான் என்பது அறிஞர் பலரின் கருத்து. குஜராத்தின் பாரிகாசாவில், அதாவது இன்றைய பரூச்சில், ஒயினுக்குச் சந்தை உண்டு, அதிலும் இத்தாலிய ஒயினையே விரும்புவார்கள் என்றும் அந்நூல் சொல்கிறது. தமிழ்ப் பக்கத்திலும் சான்று உண்டு. யவனர் கொண்டுவந்த மணமுள்ள மதுவைப் பாண்டியன் நன்மாறன் அருந்துவது புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் வருகிறது.

இன்று தென் இத்தாலி என்றால் சில திராட்சைகளின் பெயர்களை அறிந்துகொண்டால் போதும். இத்தாலி வரைபடத்தில் பூட்ஸின் குதிகால் போலிருக்கும் பூலியா மாநிலத்தில் பிரிமிட்டீவோ, நெக்ரோஅமாரோ. சிசிலித் தீவில் நேரோ தாவோலா. கம்பானியா, பசிலிக்காட்டா மலைப்பகுதிகளில் அல்யானிக்கோ. பிரிமிட்டீவோவும் கலிஃபோர்னியாவின் சின்ஃபாண்டலும் ஒரே கொடிதான் என்று 1990-களில் மரபணுச் சோதனை உறுதிசெய்தது. பிறகு அதன் பூர்வீகம் குரோவேஷியா என்றும் தெரியவந்தது.

வெயில் அதிகம், நிலம் மலிவு, விளைச்சல் தாராளம் ஆகியவற்றால் தென் இத்தாலிய ஒயின் நெடுங்காலம் பெயரில்லாமலே விற்றது. 19-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் கொடிகளை ஃபிலாக்ஸெரா பூச்சி அழித்தபோது, பூலியாவின் கனமான சிவப்பு ஒயின் பீப்பாய் பீப்பாயாகப் பிரான்சுக்குப் போய், அங்கே நீர்த்த ஒயின்களுக்கு நிறமும் சாரமும் கொடுத்தது. சொந்தப் பெயரில் பாட்டிலேறிப் பரவலாக மதிப்புப் பெற்றது கடந்த சில பத்தாண்டுகளில்தான்.

இத்தாலியில் இவை அன்றாடச் சாப்பாட்டு ஒயின்கள். இந்தியாவுக்கு வரும்போது கதை மாறிவிடுகிறது. இறக்குமதி ஒயின் மீது பல ஆண்டுகளாக 150 சதவீதச் சுங்கவரி இருந்துவந்திருக்கிறது. அதற்குமேல் மாநில வரி. தமிழ்நாட்டோடு ஒப்பிட்டால் புதுச்சேரியில் மது வரி குறைவு என்பதால், இங்கே கடைக்காரரிடம் தேர்வும் கூடுதல், விலையும் சற்றுக் கீழே. ஆனாலும் அங்கே நூற்றுக்கணக்கில் முடிகிற பாட்டில் இங்கே ஆயிரங்களில் வந்து நிற்கும். அதனால்தான் எடைபோடத் தெரிவது இங்கே இன்னும் அவசியமாகிறது.

முதல் எதிரி வெப்பம்

பாட்டிலைத் திறப்பதற்கு முன்பே ஒயினின் தலைவிதியைத் தீர்மானிப்பது வெப்பம். வேதிவினைகள் பலவற்றின் வேகம், வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது பொதுவான கணக்கு. 15 டிகிரியில் நிதானமாக முதிரவேண்டிய ஒயின், 35 டிகிரிக் கிடங்கில் நான்கு மடங்கு வேகத்தில் கிழடாகும். பழ மணம் வற்றி, வேகவைத்த ஜாம் போன்ற மணம் வரும். திரவம் விரிவதால் தக்கை மேலே தள்ளப்படும். அந்த இடுக்கில் காற்று நுழையும். எனவே கடையில் பாட்டிலைக் கையில் எடுத்ததும் கழுத்தைத் தடவிப் பாருங்கள். தக்கை விளிம்பைத் தாண்டிப் புடைத்திருந்தாலோ, லேபிளில் கசிவின் கறை இருந்தாலோ வாங்கவேண்டாம். மேல்தட்டில் விளக்கடியில் மாதக்கணக்கில் நின்ற பாட்டிலும் வேண்டாம். குளிரூட்டிய கடையில், அண்மை ஆண்டு அறுவடையில் வந்த, திருகு மூடி போட்ட பாட்டில் நம் ஊருக்குப் பாதுகாப்பான தேர்வு.

குடிக்கும்போதும் வெப்பம் தொல்லை தரும். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாறவேண்டும் என்ற விதி, 17, 18 டிகிரி அறைகள் உள்ள ஐரோப்பாவில் பிறந்தது. புதுச்சேரியின் அறை 30 டிகிரி. அந்தச் சூட்டில் ஆல்கஹால் வேகமாக ஆவியாகி மூக்கைக் குத்தும்; பழ மணம் அதன் அடியில் புதைந்துவிடும். ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம், அல்லது ஃப்ரிட்ஜில் ஒன்றரை மணி நேரம் வைத்தால் ஏறத்தாழ 17 டிகிரிக்கு வந்துவிடும். ரொம்பவும் குளிரவிட்டால் துவர்ப்பு கூர்மையாகிவிடும். இந்த ஒரு திருத்தத்தைச் செய்யாமல் எந்தச் சிவப்பு ஒயினையும் மட்டம் என்று தள்ளுவது நியாயமில்லை.

கண் எவ்வளவு சொல்லும்?

கிளாஸில் கால்வாசிக்கு மேல் ஊற்றாமல், வெள்ளைத் தாளுக்கு மேல் சாய்த்துப் பாருங்கள். நிறம் ஆந்தோசயனின் என்ற நிறமிகளிலிருந்து வருகிறது. நாவற்பழம் தின்றால் நாக்கில் ஒட்டுகிற ஊதாவும் இதே குடும்பம்தான். இளம் ஒயினின் விளிம்பு ஊதா கலந்த சிவப்பு. வயதாக ஆகச் செங்கல் நிறம், பிறகு பழுப்பு. இரண்டு வயதே ஆன பிரிமிட்டீவோவின் விளிம்பு பழுப்பாக இருந்தால், அது எங்கோ வெப்பத்தில் வாடியிருக்கிறது.

கிளாஸைச் சுழற்றினால் உட்சுவரில் திரவம் கண்ணீர்த் தாரைகளாக இறங்கும். தாரை தடிமனாக இருந்தால் உயர்ந்த ஒயின் என்பார்கள். அது தவறு. ஆல்கஹால் தண்ணீரைவிட வேகமாக ஆவியாவதால், சுவரில் படிந்த மெல்லிய படலத்தின் பரப்பு இழுவிசை கூடி, திரவத்தை மேலே இழுக்கிறது; கனம் கூடியதும் அது துளியாக வழிகிறது. 1855-இலேயே ஜேம்ஸ் தாம்சன் இதை விளக்கிவிட்டார். தாரை காட்டுவது ஆல்கஹாலின் அளவை, தரத்தை அல்ல.

மூக்கின் சாட்சி

நாக்கு அறிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி ஆகிய ஐந்தை மட்டுமே. நாவல், பேரீச்சை, கிராம்பு என்று நாம் சொல்லும் மற்றதெல்லாம் மணம். மனித மூக்கில் சுமார் 400 வகை மண ஏற்பிகள் வேலை செய்கின்றன. அவற்றின் மரபணுக்களைக் கண்டறிந்ததற்காகத்தான் ரிச்சர்ட் ஆக்ஸலுக்கும் லிண்டா பக்குக்கும் 2004-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு மிடறு வாயில் இருக்கும்போது மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். புளிப்பும் துவர்ப்பும் மட்டும் மிஞ்சும். கையை எடுத்ததும், தொண்டைக்குப் பின்வழியாக மணம் மூக்குக்கு ஏறி, பழம் திடீரென்று தோன்றும்.

முதல் மோப்பத்தில் தேடவேண்டியது குறை. நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால், தக்கையிலிருந்து வந்த டி.சி.ஏ. என்ற சேர்மம் காரணம். லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். நகப்பூச்சு நீக்கியின் வாடை, அசெட்டிக் பாக்டீரியா புகுந்து வேலை செய்ததன் அடையாளம். அசெட்டிக் அமிலம் போன்ற ஆவியாகும் அமிலத்துக்கு ஐரோப்பியச் சட்டம் சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 1.2 கிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. அழுகிய முட்டை வாடை ஹைட்ரஜன் சல்ஃபைடு. கிளாஸில் சற்று நேரம் ஆறவிட்டால் பெரும்பாலும் போய்விடும்.

குறை இல்லை என்றால் நிறையைத் தேடலாம். பிரிமிட்டீவோவில் பழுத்த நாவல், உலர்திராட்சை. நெக்ரோஅமாரோவில் கரும்பழத்தோடு உலர்ந்த மூலிகையும் லேசான கசப்பும். நேரோ தாவோலாவில் செர்ரி. இந்த மணங்கள் எல்லார் மூக்குக்கும் ஒன்றுபோல் எட்டாது. மிளகின் மணத்தைத் தருகிற ரோட்டண்டோன் என்ற மூலக்கூறை ஷிராஸ் ஒயினிலும் மிளகிலும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அடையாளம் கண்டு 2008-இல் அறிவித்தார்கள். சோதனைக்கு வந்தவர்களில் ஐந்தில் ஒருவரால், அது மிக அதிகமாக இருந்தும் தண்ணீரில் அதை முகர முடியவில்லை. பக்கத்தில் இருப்பவர் சொல்லும் மணம் உங்களுக்குக் கிடைக்கவில்லை என்றால் அது உங்கள் அறியாமை ஆகாது.

வாயில் நான்கு கேள்விகள்

ஒரு மிடறை வாய் முழுவதும் உருட்டுங்கள். நாக்கின் நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு என்று பள்ளிப் புத்தகங்களில் வந்த படம் தவறானது. எல்லாச் சுவையும் நாக்கின் எல்லாப் பகுதியிலும் உணரப்படும்.

முதல் கேள்வி, புளிப்பு. திராட்சையின் முக்கிய அமிலமான டார்டாரிக் அமிலம்தான் நம் புளியிலும் இருக்கிறது. விழுங்கிய பிறகு வாயில் எச்சில் ஊறினால் அமிலம் போதுமான அளவில் இருக்கிறது. தென் இத்தாலியின் வெயிலில் பழம் பழுக்கப் பழுக்க, அதிலுள்ள மாலிக் அமிலம் கரைந்து குறைகிறது. அதைச் சரிக்கட்ட டார்டாரிக் அமிலம் சேர்க்கவும் அங்கே சட்டத்தில் இடம் உண்டு. அமிலம் குறைந்த ஒயின் வாயில் சப்பென்று உட்கார்ந்துவிடும்.

இரண்டாவது, துவர்ப்பு. தோலிலும் விதையிலும் உள்ள டானின், எச்சிலின் புரதங்களைப் பிடித்துத் திரளவைக்கிறது. எச்சிலின் வழவழப்பு போய்விடுகிறது. கன்னத்தின் உட்புறம் உலர்ந்து இழுப்பது அதனால்தான். பாலில்லாத டீ துவர்ப்பதும், பால் ஊற்றினால் அது அடங்குவதும் இதே காரணத்தால். நம் மரபு துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாக வைத்தது. உடலியல் அதைப் பெரும்பாலும் தொடு உணர்வாகவே பார்க்கிறது. எப்படியாயினும் வாழைப்பூவும் பாக்கும் நாவற்பழமும் தின்று வளர்ந்தவர்களுக்குத் துவர்ப்பில் நயம் பிரிக்கத் தெரியும். நுண்ணிய பொடி போலப் பரவும் துவர்ப்பு நல்லது; பச்சைக் காயைக் கடித்தது போல ஓரிடத்தில் பிடித்து இழுப்பது, விதையை அதிகம் கசக்கியதற்கோ பழுக்காத பழத்துக்கோ சான்று. அல்யானிக்கோவில் துவர்ப்பும் புளிப்பும் இயல்பாகவே உயர்ந்திருக்கும். பிரிமிட்டீவோவில் மென்மையாக இருக்கும்.

மூன்றாவது, ஆல்கஹால். லிட்டருக்கு ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரையை ஈஸ்ட் தின்றால் ஒரு சதவீத ஆல்கஹால் உருவாகும். 14 சதவீத ஒயினுக்குச் சாற்றில் கிட்டத்தட்ட 240 கிராம் சர்க்கரை வேண்டும். பூலியாவின் வெயிலுக்கு அது கடினமே இல்லை. கேட்கவேண்டியது, அந்தச் சூடு பழத்துக்குள் அடங்கி நிற்கிறதா, தொண்டையில் தனியாக எரிகிறதா என்பது.

நான்காவது, எஞ்சிய இனிப்பு. மலிவு ஒயினின் பெரிய மறைவிடம் இதுதான். உலர் ஒயின் என்றால் சர்க்கரை பொதுவாக லிட்டருக்கு 4 கிராமுக்குள். அமிலம் கூடுதலாக இருந்தால் 9 கிராம் வரை. சந்தையில் வரும் பிரிமிட்டீவோ சிலவற்றில் 10 கிராமுக்கும் மேல் இருக்கிறது. கரடுமுரடான துவர்ப்பையும் வெறுமையையும் அந்த இனிப்பு மூடிவிடும். முதல் மிடறு வசியப்படுத்தும். மூன்றாவது மிடற்றில் திகட்டும். அதனால் எந்த ஒயினையும் முதல் மிடற்றில் முடிவு செய்யக் கூடாது.

கடைசியில் நீளம். விழுங்கிய பிறகோ துப்பிய பிறகோ மணம் எத்தனை விநாடி நிற்கிறது என்று எண்ணுங்கள். பிரெஞ்சுச் சுவைஞர்கள் ஒரு விநாடியை ஒரு கோதலி என்பார்கள். எட்டுப் பத்து கோதலி நிற்கிற ஒயின் விலைக்குறைவாக இருந்தாலும் மரியாதைக்குரியது.

மூளை செய்யும் கலப்படம்

இவ்வளவு கவனித்தும் நாம் ஏமாறுவோம். 2001-இல் வெளியான ஆய்வு ஒன்றில், போர்தோவின் ஒயினியல் மாணவர்கள் 54 பேருக்கு மணமற்ற சிவப்பு நிறமி கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். அவர்கள் அதற்குச் சிவப்பு ஒயினின் மணங்களையே எழுதினார்கள். 2008-இல் ஹில்கே பிளாஸ்மன் குழு, ஒரே ஒயினை 10 டாலர், 90 டாலர் என்று இரு விலை சொல்லிக் கொடுத்து மூளையைப் படமெடுத்தது. விலை கூடியதும் இன்பத்தை அளவிடும் மூளைப்பகுதியின் செயல்பாடும் கூடியது. குடித்தவர்கள் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே கூடுதலாக ரசித்தார்கள். நடுவர்களும் தப்பவில்லை. கலிஃபோர்னிய மாநிலக் கண்காட்சியில் ஒரே பாட்டிலின் ஒயினை மூன்று முறை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்த ராபர்ட் ஹாட்ஜ்சன், சுமார் 10 சதவீத நடுவர்களே தங்கள் முந்தைய தீர்ப்போடு ஒத்துப்போனார்கள் என்று 2008-இல் எழுதினார்.

இதற்கு மருந்து கண்கட்டுச் சோதனை. இரண்டு ஒயின்கள், தாள் சுற்றிய பாட்டில்கள், ஒரே மாதிரி மூன்று கிளாஸ்கள். ஒருவர் மறைவில் இரண்டு கிளாஸில் ஒரே ஒயினையும், மூன்றாவதில் மற்றதையும் ஊற்றவேண்டும். தனித்து நிற்பது எது என்று நீங்கள் சொல்லவேண்டும். குருட்டாம்போக்கில் சரியாவதற்கு மூன்றில் ஒரு வாய்ப்பு. தொடர்ந்து மூன்று முறை அப்படிச் சரியாவதற்கு 27-இல் ஒன்றுதான். ஆயிரம் ரூபாய் ஒயினுக்கும் மூவாயிரம் ரூபாய் ஒயினுக்கும் உங்களால் வேறுபாடு சொல்ல முடியவில்லை என்றால், கூடுதல் இரண்டாயிரம் உங்களுக்குத் தேவையில்லாத செலவு.

சாப்பாட்டோடு

புதுச்சேரிச் சமையலில் காரமும் மீனும் அதிகம். இரண்டுக்கும் தனித்தனி அறிவியல் உண்டு. மிளகாயின் காரத்தை உணரும் டி.ஆர்.பி.வி.1 என்ற ஏற்பியை ஆல்கஹாலும் தூண்டுகிறது. அதனால் 14.5 சதவீத பிரிமிட்டீவோவோடு காரக் குழம்பு சாப்பிட்டால் எரிச்சல் கூடும். மீனோடு சிவப்பு ஒயின் சேர்த்தால் வரும் கவிச்சிக்குக் காரணம் ஒயினில் உள்ள இரும்பு அயனிகள் என்று 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். வஞ்சிரம் வறுவலோடு இந்த ஒயினைச் சோதித்துக் குறை சொல்வது பொருத்தமில்லை. வடகம் தாளித்த, காரம் மட்டான ஆட்டுக்கறியோடு சோதித்துப் பாருங்கள். கறியின் புரதமும் கொழுப்பும் டானினைத் தணிக்கும். ஒயினின் புளிப்பு கொழுப்பின் கனத்தைக் குறைக்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். ஆல்கஹால் புற்றுநோய்க் காரணி என்பது உறுதிப்பட்ட உண்மை. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவித்தது. சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்ற பேச்சை நம்பி யாரும் குடிக்கத் தொடங்கக் கூடாது. சுவைத்துத் துப்புவது தொழில்முறை நடுவர்களின் அன்றாட வழக்கம்; ஒரு மிடறைத் துப்பினாலும் மேலே சொன்ன எல்லாக் கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

தீர்ப்பு எழுதும் முறை

ஒரு சிறு தாளில் ஐந்து வரி போதும். குறை உண்டா? மணம் என்ன? புளிப்பு, துவர்ப்பு, ஆல்கஹால், இனிப்பு ஆகியவற்றில் எது துருத்திக்கொண்டு நிற்கிறது? நீளம் எத்தனை விநாடி? அரை மணி நேரம் கழித்து மேம்பட்டதா, சரிந்ததா? மலிவு ஒயினிடம் பல அடுக்கு நுட்பத்தை எதிர்பார்க்கவேண்டாம். சுத்தம், சமநிலை, பழத்தின் உயிர்ப்பு ஆகிய மூன்றும் இருக்கவேண்டும் என்று கேட்க நமக்கு முழு உரிமை உண்டு. ஒழுங்காகச் செய்த நெக்ரோஅமாரோ இந்த மூன்றையும் தரும். தராத பாட்டிலுக்கு எந்தப் பெயரும் எந்தப் பதக்கமும் ஈடாகாது.

பிறகு, தாளுறையைப் பிரிப்பதற்கு முன், இந்த ஒயினுக்கு நீங்கள் எவ்வளவு கொடுப்பீர்கள் என்று ஒரு தொகையை எழுதிவிடுங்கள். அதன்பின் விலைச்சீட்டைப் பாருங்கள். உங்கள் தொகை அதிகமாக இருந்தால் அடுத்த முறையும் அதையே வாங்குங்கள். குறைவாக இருந்தால், யார் எவ்வளவு புகழ்ந்தாலும் அந்தப் பக்கம் போகவேண்டாம்.